ஆண்டீஸ் மலைப் பல்லிக்குப் பேர் வச்ச கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஒரு க்விஸ் கேள்வியோட ஆரம்பிக்கலாம். உலகத்துலயே ரொம்ப உயரமான இடத்துல வாழுற ஊர்வன எது? பாம்பா, பல்லியா, ஆமையா? யோசிச்சு வைங்க.

பெரு நாட்டின் தெற்கில் அரெகிபா என்று ஒரு நகரம் இருக்கிறது. நகரத்தின் தலைக்கு மேல் நிற்பது சச்சானி எரிமலை. உயரம் 6,057 மீட்டர். 2020 அக்டோபரில் ஹோசே செர்தேனா என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் அந்த மலையில் ஏறினார்கள். 5,400 மீட்டர் உயரத்தில், பாறைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பல்லி. படம் எடுத்தார்கள், வீடியோ எடுத்தார்கள். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டு தொட்டபெட்டாவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தப் பல்லி நிற்கும் இடம் வராது. ராத்திரியில் உறைபனி, பகலில் தோலை உரிக்கும் புற ஊதாக் கதிர், மூச்சுக்குக் காற்றே பற்றாத இடம். அதற்கு முன்னால் சாதனை திபெத்தில் வாழும் ஒரு ஓணானிடம் இருந்தது, 5,300 மீட்டர். 2021-ல் செர்தேனா குழுவின் கட்டுரை வெளியானதும் சாதனை ஆண்டீஸ் மலைக்குப் போய்விட்டது.

சரி, அந்தச் சாதனைப் பல்லியின் பேர் என்ன?

இங்கதான் விஷயமே இருக்கு. கட்டுரையில் அதன் பெயர் 'லயோலேமஸ் அஃப். டக்னே' என்று அச்சாகியிருந்தது. நடுவில் இருக்கிற அந்த 'அஃப்.' லத்தீன் சொல் ஒன்றின் சுருக்கம். 'டக்னே இனத்துக்கு நெருங்கினது, ஆனா அதுவேதானான்னு இப்போதைக்குச் சொல்ல முடியாது' என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் போடுற இடத்துல 'ராமசாமி மாதிரி ஒருத்தர்'னு அச்சடிச்சா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி. உலக சாதனை செய்தவருக்கு உறுதியான பெயர் இல்லை.

21-ஆம் நூற்றாண்டில், டிஎன்ஏ பரிசோதனை எல்லாம் வந்த பிறகு, ஒரு பல்லியை 'இது இன்னதுதான்' என்று சொல்வதில் அப்படி என்ன சிரமம்? அந்தச் சிரமத்துக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அதில் நாடு கடத்தப்பட்ட ஒரு பாதிரியார் வருவார், டார்வின் வருவார், டிட்டிகாகா ஏரியில் உயிரைவிட்ட ஒரு பேராசிரியர் வருவார். அந்தக் கதையைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல ஆள் யாருன்னு தெரிஞ்சுக்குவோம். பல்லி என்றதும் டியூப்லைட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுவர்ப் பல்லியை நினைச்சுக்காதீங்க. லயோலேமஸ் பார்வைக்கு ஓணான் ஜாடை. ஓணானுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. தரையிலும் பாறையிலும் ஓடும், வெயில் காயும். பெரும்பாலானவை கைக்குள் அடங்கிவிடும். பெருவிலிருந்து தெற்கே டியர்ரா டெல் ஃபுவேகோ வரை, அதாவது கண்டத்தின் நுனி வரை, இவை பரவியிருக்கின்றன. உலகத்தின் தென்கோடியில் வாழும் பல்லியும் இந்தப் பேரினம்தான். 1834-ல் ஜெர்மானியர் வீக்மன் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'வழுவழுப்பான தொண்டை' என்று பொருள். இன்றைக்கு இந்த ஒரே பேரினத்தில் இருக்கும் இனங்களின் எண்ணிக்கை 280-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் பட்டியல் நீள்கிறது.

உள்ளூர்க்காரர்களுக்கு இவற்றைத் தெரியாமல் இல்லை. அய்மாரா மொழியில் 'ஹராரங்கு' என்பார்கள், கெச்சுவா மொழியில் 'கரைவா'. பொலிவிய மேட்டுநிலத்தில் எலும்பு முறிந்தால் இந்தப் பல்லியைக் கொண்டு பற்றுப் போடும் வழக்கம்கூட உண்டு. ஆனால் 'எந்தப் பல்லி எது' என்று அறிவியல் பட்டியல் போட்டவர்கள் அங்கே இருந்தவர்கள் இல்லை. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. கதையைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

1767. ஸ்பெயின் மன்னர் தன் ஆட்சிக்கு உட்பட்ட எல்லா நாடுகளிலிருந்தும் யேசு சபைப் பாதிரியார்களை வெளியேற்றினார். அதில் ஒருவர் சிலியில் பிறந்த ஹுவான் இக்னாசியோ மோலினா. இருபத்தேழு வயது. இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் போய்ச் சேர்ந்தார். சொந்த ஊரை மறுபடி பார்க்கவே இல்லை. 1829-ல் அங்கேயே இறந்தார். அந்த மனிதர் 1782-ல் தன் தாய்நாட்டின் இயற்கை வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார், இத்தாலிய மொழியில். சிலியின் மரம், செடி, மிருகம் எல்லாவற்றுக்கும் லின்னேயஸ் முறைப்படி லத்தீன் பெயர் வைத்தார். அதில் ஒரு பல்லியும் இருந்தது. 'லசெர்ட்டா பல்லுமா'.

யோசிச்சுப் பாருங்க. எதிரே பல்லி இல்லை. கடல் கடந்து, பதினைந்து வருஷம் கழித்து எழுதுகிறார். அவர் பெயர் வைத்த பல்லியின் உடல் எந்த மியூசியத்திலும் இல்லை. இன்று பல்லுமா என்ற பெயர் லயோலேமஸுக்கு நெருங்கிய சொந்தமான ஃபைமாடூரஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. முள்வால் கொண்ட, பாறை இடுக்கில் வாழும் குண்டான மலைப் பல்லிகள் அவை. ஆனால் மோலினா மனதில் நினைத்தது அந்தப் பல்லியைத்தானா? இதைத் தீர்க்க 2003-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ரிச்சர்ட் எத்தரிட்ஜும் ஜே சாவேஜும், விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணையத்திடம் மனு போட வேண்டியிருந்தது. 'இந்தப் பெயருக்கு அடையாளமாக ஒரு புது மாதிரி உடலை நியமிக்க அனுமதி கொடுங்கள்' என்று. ஒரு பாதிரியாரின் ஊர் ஏக்கம், 221 வருஷம் கழித்து ஒரு வழக்காக வந்து நின்றது.

இந்த 'மாதிரி உடல்' என்பதைக் கொஞ்சம் விளக்கணும். ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு உடலைச் சுட்டிக்காட்டி, 'இந்தப் பெயர் இதற்குச் சொந்தம்' என்று எழுதுவார்கள். டைப் ஸ்பெசிமன். வீட்டுக்கு மூலப் பத்திரம் மாதிரி. நாளைக்குச் சந்தேகம் வந்தால் ஜாடியைத் திறந்து அந்த உடலோடு ஒப்பிடலாம். அது எந்த ஊரில் பிடிபட்டது என்பதும் பத்திரத்தின் பகுதி. உடல் தொலைந்தாலும் சிக்கல், ஊர் தெரியாவிட்டாலும் சிக்கல்.

ஊர் தெரியாத சிக்கலுக்குப் பாரிஸ் போகலாம். 1837-ல் பாரிஸ் மியூசியத்தின் துய்மெரிலும் பிப்ரோனும் தென் அமெரிக்கப் பல்லிகள் பலவற்றுக்குப் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய பேரினப் பெயர் 'ப்ரோக்டோட்ரீட்டஸ்'. அர்த்தம் சொன்னா சிரிப்பீங்க. 'பின்பக்கம் ஓட்டை உள்ளது'. கேலி இல்லை, நிஜமான அடையாளம்தான். ஆண் பல்லியின் வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மெழுகு மாதிரி ஒரு பொருள் அதிலிருந்து வரும். பல்லி அதைப் பாறையில் தேய்த்து வாசனையால் தகவல் சொல்லும். அந்தத் துளைகள் எத்தனை என்று எண்ணுவது இன்றைக்கும் இனம் பிரிக்கும் வேலையில் ஒரு முக்கியமான படி. பேரினப் பெயர்தான் நிலைக்கவில்லை. 1885-ல் லண்டன் மியூசியத்தின் பூலாஞ்சே தன் பட்டியலில் இவற்றை லயோலேமஸ் பெயரில் சேர்த்துக்கொண்டார்.

பாரிஸ்காரர்கள் வைத்த பெயர்களில் ஒன்று 'சிக்னிஃபர்'. பிடிபட்ட இடம்? 'சிலி'. அவ்வளவுதான். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான நாட்டுக்கு ஒற்றைச் சொல் விலாசம். இன்னொரு கூத்தும் உண்டு. சிக்னிஃபர் என்று இன்று அழைக்கப்படும் பல்லி வாழ்வது டிட்டிகாகா ஏரியைச் சுற்றியுள்ள உயர்ந்த மேட்டுச் சமவெளியில். இன்றைய சிலி வரைபடத்தின் வடக்கு நுனி அந்தச் சமவெளியைத் தொடும். ஆனால் 1837-ல் சிலிக்கு அந்த வடக்கே கிடையாது. 1879-ல் தொடங்கிய பசிபிக் போரில் பெருவிடமிருந்தும் பொலிவியாவிடமிருந்தும் பிடுங்கிய நிலம் அது. அதாவது லேபிள் எழுதப்பட்ட நாளில் 'சிலி' என்பது அந்தப் பல்லிக்குப் பொருந்தாத விலாசம். ஜாடி அப்படியே இருந்தது, எல்லைக்கோடு நகர்ந்துபோனது.

டார்வின் எங்கேன்னு கேக்குறீங்க. வந்துட்டார். பீகிள் பயணத்தில் அவர் தென் அமெரிக்கா முழுக்கப் பல்லிகளைப் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டார். அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா கடற்கரை மணலில் பார்த்த ஒரு பல்லியைப் பற்றி எழுதியிருக்கிறார். பயந்தால் காலைப் பரப்பி, உடம்பைத் தட்டையாக்கி, கண்ணை மூடிச் செத்த மாதிரி நடிக்குமாம். அதுவும் இன்று லயோலேமஸ்தான். ஊருக்குத் திரும்பியதும் ஊர்வனவற்றை வர்ணிக்கும் வேலையை தாமஸ் பெல் என்பவரிடம் ஒப்படைத்தார். பெல்லுக்குத் தொழில் பல் மருத்துவம், கூடவே விலங்கியல் பேராசிரியர். பீகிள் 1836-லேயே திரும்பிவிட்டது. பெல்லின் ஊர்வன பகுதி வெளியானது 1842, 43-ல். (இதே பெல் பின்னாளில் லின்னேயன் சங்கத் தலைவராக இருந்தபோதுதான் டார்வின், வாலஸ் கட்டுரைகள் அங்கே வாசிக்கப்பட்டன. அந்த வருஷத்தைப் பற்றி 'பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை' என்கிற அர்த்தத்தில் பேசி வரலாற்றில் இடம் பிடித்தவர். பாவம், விடுங்க.) பெல் சில பல்லிகளுக்குத் தெரிந்தவர்கள் பெயரை வைத்தார். ஒன்று டார்வினி, ஒன்று பிப்ரோனி, ஒன்று கிங்கி.

பல வருஷம் கழித்து, 1871-ல் வந்த மனிதனின் தோற்றம் பற்றிய புத்தகத்தில் டார்வின் சிலியின் இன்னொரு பல்லியைக் குறிப்பிட்டார். இன்று அதன் பெயர் லயோலேமஸ் டெனுயிஸ். ஆணுக்கு மட்டும் நீலம், பச்சை, செம்பு நிறப் புள்ளிகள். பெண் அடக்கமான நிறம். டார்வினுக்கு இது பாலினத் தேர்வுக்கு ஆதாரம். ஆனால் ஜாடியை வைத்துக்கொண்டு இனம் பிரிப்பவருக்கு? தலைவலி. ஆண் ஒரு நிறம், பெண் வேறு நிறம், குட்டி இன்னொரு நிறம். ஒரே இனத்தை மூன்றாகப் பிரித்துப் பெயர் வைக்க வாய்ப்பு உண்டு. போதாக்குறைக்கு ஸ்பிரிட்டில் ஊறினால் நீலமும் பச்சையும் மங்கிவிடும். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது பழுப்பு நிறப் பல்லிதான்.

அடுத்து வருபவர்தான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள். ஜேம்ஸ் ஆர்ட்டன். நியூயார்க் மாநிலத்தில் வாசார் பெண்கள் கல்லூரியில் பேராசிரியர். 1867-ல் முதல் தடவை ஆண்டீஸைக் கடந்து அமேசானில் இறங்கினார். அதைப் பற்றி எழுதிய புத்தகத்தை டார்வினுக்குச் சமர்ப்பித்தார். 1873-ல் இரண்டாவது பயணம். கொண்டுவந்த ஊர்வனவற்றை ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் டிரிங்கர் கோப்பிடம் கொடுத்தார். டைனோசர் எலும்புக்காக மார்ஷ் என்பவரோடு ஜென்மப் பகை வளர்த்தாரே, அதே கோப். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளுக்குப் பெயர் வைத்த மனிதர். கையில் கிடைத்ததற்கெல்லாம் பேர் வைப்பார். ஆர்ட்டன் கொண்டுவந்த தெற்குப் பெருவின் மலைப் பல்லிகளைப் பார்த்தார். ஒன்று போல இன்னொன்று இல்லை. 1876-ல் வைத்த பெயர் 'மல்டிஃபார்மிஸ்'. பல உருவம் கொண்டது. என்னைக் கேட்டால் அந்தப் பெயரே ஒரு கேள்விதான்: பல உருவம் கொண்ட ஒரே இனமா, இல்லை பல இனங்களா?

ஆர்ட்டன் அதற்கான பதிலைக் கேட்க இருக்கவில்லை. மூன்றாவது பயணத்தில், பொலிவியாவின் பெனி நதியை ஆராயப் போனார். துணைக்கு வந்த படையினர் கைவிட்டுவிட்டார்கள். உடம்பு ஓய்ந்து திரும்பும் வழியில், 1877 செப்டம்பரில், டிட்டிகாகா ஏரியைப் படகில் கடக்கும்போது இறந்தார். புரோட்டஸ்டன்ட் என்பதால் கத்தோலிக்கக் கல்லறையில் இடம் கிடைக்கவில்லை. புனோ நகரத்துக்குப் பக்கத்தில் எஸ்தெவெஸ் என்ற குட்டித் தீவில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயரை அறிவியலுக்குக் கொண்டுபோன அந்தப் பல்லிகளின் ஊரிலேயே.

இப்ப ஒரு தாவு. 1950-கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஆலிவர் பியர்சன் தெற்குப் பெருவின் மேட்டுநிலத்துக்கு வருகிறார். அவர் பாலூட்டி ஆய்வாளர். ஆனால் 4,000 மீட்டருக்கு மேல், தரையில் உறைபனி இருக்கும்போதே வெளியே வந்து திரியும் பல்லிகளைக் கண்டு விடவில்லை. உள்ளே வெப்பமானி வைத்து அளந்தார். காலையில் பல்லி வளையிலிருந்து ஜில்லென்று வெளியே வரும். குளிர்ந்த தரையில் படுக்காமல், செடிகளின் மெத்தை மேல் ஏறும். உடம்பைப் பரப்பிச் சூரியனுக்குக் காட்டும். காற்று கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும்போது பல்லியின் உடம்பு 30 டிகிரியைத் தாண்டிவிடும்! குளிர் ரத்தப் பிராணி என்ற பாடப்புத்தகச் சொல் எவ்வளவு மோசமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 1954-ல் வெளியான அந்தக் கட்டுரையை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதே பல்லிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். முட்டை இடாது. குட்டி போடும். உறைகிற மண்ணில் முட்டையைப் புதைத்தால் பொரியாது. அம்மா வயிற்றில் வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தால் கருவுக்கும் சூடு. அம்மாவே நடமாடும் அடைகாப்பான். உயரமான இடங்களில் வாழும் லயோலேமஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

பியர்சன் தன் கட்டுரையில் அந்தப் பல்லியை என்ன பெயரில் எழுதினார்? கோப் வைத்த மல்டிஃபார்மிஸ். நீங்கள் இன்று அந்தப் பெயரைத் தேடினால் 'சிக்னிஃபர்' என்ற பெயருக்குக் கொண்டுபோய் விடுவார்கள். பாரிஸ் ஜாடியும் ஃபிலடெல்ஃபியா ஜாடியும் ஒரே பல்லி என்று பின்னாளில் முடிவானது. விதிப்படி பழைய பெயருக்குத்தான் முன்னுரிமை. 1837, 1876-ஐ ஜெயித்தது. ஆக, 'சிலி' என்று தவறான விலாசம் போட்ட பெயர் நிலைத்தது. சரியான மலையிலிருந்து வந்த பெயர் போனது. நியாயமான்னு கேட்டா, விதி நியாயம் பார்க்கிறதில்லை. எந்தப் பெயர் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான் அதன் கவலை.

இதற்கிடையில் மனப்போக்கே மாறிக்கொண்டிருந்தது. 1930-களில் மியூனிக்கைச் சேர்ந்த வால்டர் ஹெல்மிக் சிலியின் மலைகளில் நேரடியாக வேலை செய்தார். ஒரே மலையில் கீழே ஒரு பல்லி, நடுவில் ஒன்று, மேலே இன்னொன்று. அந்தக் காலத்து வழக்கப்படி இப்படிப்பட்டவற்றைத் துணையினம் என்று வகுத்தார்கள். 'ஒரே குடும்பம்தான், கொஞ்சம் ஜாடை வேற' என்கிற மாதிரி. அப்படிப் போட்ட துணையினங்களில் பலவற்றை அடுத்தடுத்த தலைமுறைகள் தனி இனம் என்று உயர்த்தின. 1966-ல் ரொபெர்ட்டோ டொனோசோ-பார்ரோஸ் 'சிலியின் ஊர்வன' என்ற பெரிய நூலைக் கொண்டுவந்தார். சிலியின் பல்லிகளைப் பற்றிச் சிலியிலேயே, ஸ்பானிஷ் மொழியில். மோலினா பொலோன்யாவில் எழுதி 184 வருஷம் ஆகியிருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், அர்ஜென்டினாவில், ரேமண்ட் லாரன்ட். பெல்ஜியத்தில் பிறந்தவர், காங்கோவில் தவளை ஆராய்ந்தவர், கடைசியில் டுகுமான் நகரத்தில் வந்து தங்கினார். 1980-களில் அவர் சொன்ன ஒரு விஷயம் இந்தப் பேரினத்தின் முகத்தையே மாற்றியது. லயோலேமஸ் ஒரு கும்பல் இல்லை, இரண்டு பெரிய கிளை. ஒன்று பெரும்பாலும் மேற்கே சிலிப் பக்கம், இன்னொன்று கிழக்கே அர்ஜென்டினாப் பக்கம். நடுவில் ஆண்டீஸ் சுவர். செதிலையும் எலும்பையும் வைத்துச் சொன்னது. பின்னாளில் டிஎன்ஏ வந்தபோதும் இந்தப் பிரிவு பெருமளவு நின்றது.

முன்னால் மனு போட்டாரே எத்தரிட்ஜ், அவர் 1995-ல் இன்னும் உள்ளே போனார், அதாவது எலும்புக்கே. கிழக்குக் கிளையில் ஒரு பெரிய கூட்டத்துக்குப் பின்னங்கால் எலும்பில் கத்தி விளிம்பு போல ஒரு புடைப்பு இருக்கிறது. அதில் ஒரு தசை பெரிதாகப் பிடித்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. நிறம் ஏமாற்றும், அளவு ஏமாற்றும். இந்தப் புடைப்பு ஏமாற்றாது. நம்ம சிக்னிஃபர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நிறத்தை வைத்து நூறு வருஷம் அடித்துக்கொண்ட பிறகு, கணுக்காலுக்கு மேலே இருக்கும் ஒரு எலும்பு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆனால் குடும்பம் தெரிந்தால் போதுமா? ஆள் யார் என்று தெரியணுமே. அதற்கு 2013-க்கு வருவோம். பெருவின் நடு மலைப்பகுதியில் 'வாக்கேரி' என்ற பெயரில் ஒரு சின்னப் பல்லி. அங்கே இருக்கு, இங்கே இருக்கு என்று பல இடங்களில் பதிவு. லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேசர் அகிலார் தலைமையில் ஒரு குழு, பெரும்பாலும் பெரு நாட்டவர்கள், இதைப் பிரித்துப் பார்த்தது. வேலை எப்படி நடக்கும்னு சொல்றேன், ஏன்னா 'டிஎன்ஏ டெஸ்ட் பண்ணா தெரிஞ்சுடும்'னு நாம நினைக்கிறோம். முதலில் ஒவ்வொரு மலையிலிருந்தும் பல்லி வேண்டும், ஆணும் பெண்ணும். நடு உடம்பைச் சுற்றி எத்தனை செதில் என்று எண்ண வேண்டும். தலை, கால், உடல் நீளம் அளக்க வேண்டும். துளைகளை எண்ண வேண்டும். நிறத்தை உயிரோடு இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும். டிஎன்ஏ வரிசையை ஒப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றும் வாழும் இடத்தின் மழையும் வெப்பமும் வேறா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னால் தைரியமாகப் பெயர் வைக்கலாம். ஒன்றோடு ஒன்று முரண்பட்டால்தான் சண்டை.

முடிவில் வாக்கேரியிலிருந்து மூன்று புது இனங்கள் பிரிந்தன. பெயர்களைக் கேளுங்க. சவின், வாரி, பச்சகுடெக். சவின் என்பது இன்காக்களுக்கு ரொம்ப முந்தைய ஒரு பண்பாடு. வாரி இன்காக்களுக்கு முந்தைய பேரரசு. பச்சகுடெக் இன்காப் பேரரசை விரித்த மன்னர். அந்தந்தப் பல்லி வாழும் மலையும் அந்தந்த மக்களின் மண்தான். ஒரு காலத்தில் டார்வினி, பிப்ரோனி, கிங்கி. இப்ப வாரி. பெயர் வைக்கும் கை மாறிவிட்டது.

இதெல்லாம் பெயர் விளையாட்டு, இதனால யாருக்கு என்ன என்று ஒரு கேள்வி வரும். வரணும். பதில் அந்தக் குட்டி போடும் வித்தையில் இருக்கிறது.

2013-ல் டானியல் பின்ச்செய்ரா-டொனோசோ என்ற சிலி நாட்டு ஆய்வாளரும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குட்டி போடும் வழக்கம் இந்தப் பல்லிகளுக்குக் குளிர்ந்த உயரங்களைத் திறந்துவிட்டது. முட்டையிடும் சொந்தக்காரர்கள் வர முடியாத இடத்துக்கு இவை போயின, அங்கே பெருகின, பிரிந்தன. ஆனால் அதே வழக்கம் அவற்றை ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. குளிருக்கு ஏற்ப மாறிய பல்லிக்குக் கீழே இறங்கத் தோதில்லை. பூமி சூடாகும்போது அது மேலேதான் போக வேண்டும். மலையோ மேலே போகப் போகக் குறுகும். 2010-லேயே பாரி சினெர்வோ தலைமையிலான பன்னாட்டுக் குழு எச்சரித்திருந்தது: இப்படியே வெப்பம் ஏறினால் 2080-க்குள் உலகப் பல்லி இனங்களில் சுமார் 20 சதவீதம் அழியலாம்.

இப்ப மல்டிஃபார்மிஸ் கேள்விக்கு வாங்க. 'பெருவிலிருந்து பொலிவியா வரை பரவியிருக்கும் ஒரே இனம்' என்று எழுதினால், ஒரு மலையில் அது காணாமல் போனாலும் யாரும் பதற மாட்டார்கள். பக்கத்து மலையில் இருக்கே என்பார்கள். ஆனால் ஒவ்வொரு மலையிலும் இருப்பது தனி இனம் என்றால், அந்த மலையில் போவது மொத்தமாகப் போவது. பேர் இல்லாத ஒன்று அழிந்தால் அழிந்தவற்றின் பட்டியலில் எழுதக்கூட முடியாது. அதே சமயம், பார்த்த ஜாடைக்கெல்லாம் கோப் மாதிரி பெயர் வைத்துக்கொண்டே போனாலும் ஆபத்து. பிறகு எந்தப் பெயரையும் யாரும் நம்ப மாட்டார்கள். 280 இனங்களில் சிலது நிற்காது என்று வாதாடுபவர்களும் உண்டு, இன்னும் நிறையப் பிரிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. ரெண்டு பேரும் கடைசியில் கேட்பது ஒன்றையேதான்: அந்த மலைக்குப் போய் எண்ணிப் பார்த்தீங்களா?

சச்சானிப் பல்லிக்கு அந்த வேலைதான் பாக்கி இருந்தது. டக்னே என்பது 1941-ல் ஹார்வர்ட் மியூசியத்தின் பெஞ்சமின் ஷ்ரீவ் கொடுத்த பெயர், பெருவின் தென்கோடியில் இருக்கும் டக்னா பகுதியை வைத்து. அங்கிருந்து சச்சானி வெகு தூரம். இடையில் எத்தனையோ மலை, எத்தனையோ பள்ளத்தாக்கு. செதில் எண்ணாமல், டிஎன்ஏ பார்க்காமல் 'அதுதான் இது' என்று எழுத செர்தேனா குழுவுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அந்த 'அஃப்.'. எனக்கு அது நேர்மையாகப் பட்டது.

அந்தப் பல்லி நின்ற இடத்துக்கு மேலே சச்சானியில் இன்னும் 657 மீட்டர் மலை இருக்கிறது. அதற்கு மேல் வானம்.

அடுத்த வாரம் வேற ஒரு கதையோட வர்றேன்.